வண்டிக்கு ஒரு பங்கு

குற்றச்சாட்டுகள் மூன்று. அனுமதியில்லாத இடத்தில் பேருந்தை நிறுத்தியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கையை விட்டு இறங்கி, கடற்கரைக்குச் சென்று, வெளியாருடன் சேர்ந்து வலை இழுத்தது. அதற்குப் பிரதிபலனாக மீன் பெற்றது. இந்த மூன்றுக்காகவும் எங்கள் காலை பஸ்ஸின் டிரைவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மூன்றும் நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் நானும் அங்கே இருந்தேன். என் கையிலும் கயிறு இருந்தது.

அப்போது எனக்குக் குடியிருப்பு மாமல்லபுரத்தில், வேலை செங்கல்பட்டில். ஒரு நாளிதழுக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக நேராகப் போகும் பஸ்கள் உண்டு. நான் ஏறுவது மற்றொன்று. கடலோரக் குப்பங்களைத் தொட்டு, கல்பாக்கம் போய், அங்கிருந்து உள்ளே திரும்பிச் செங்கல்பட்டுக்கு வரும் அரசு பஸ். சுற்று வழிதான். ஆனால் ஜன்னல் ஓரம் கிடைக்கும், இடது பக்கம் கடல் தெரியும், பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

பின்படிக்கட்டுப் பக்கம் மீன் விற்கும் பெண்கள், அலுமினிய அன்னக்கூடைகளோடு. நடுவில் கல்லூரிப் பிள்ளைகள். முன்னால், அலுவலக பஸ்ஸைத் தவறவிட்ட கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு. டிரைவர் வண்டியை எடுப்பதற்கு முன் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்ப்பார். "அந்த நீலக் கூட அம்மா எங்க, இன்னிக்கு வர்லயா?" என்பார். நீலக்கூடை அம்மாவுக்காக ஏற்கெனவே அவருக்கு மெமோ உண்டு. நிறுத்தத்தில் மட்டும் நிறுத்த வேண்டும் என்பது விதி. கூடையோடு ஓடி வருகிறவர்களைப் பார்த்தும் பாராமல் போவது அவருக்கு வரவில்லை.

அது தை மாதம். குப்பத்து ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போயிருந்தார்கள். மீதிப் பேர் கரைவலை போட்டிருந்தார்கள். கரைவலை என்றால், படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வலையை விரித்துவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பது. ஆள் அதிகம் வேண்டும். அந்த இடத்தில் கடல் அரித்து அரித்துச் சாலைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டதால், பஸ்ஸிலிருந்து எல்லாம் தெரிந்தது.

"ஐயோ, வல நிக்குது பாருடீ! ஆளே இல்லயே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணாத்த, நிறுத்து!"

"இங்க ஸ்டாப் இல்லம்மா."

"ஸ்டாப்ப பத்தி அப்பால பேசு. நம்ம வூட்டு வல அண்ணாத்த, அறுந்துடும்!"

அவர் பிரேக்கை மிதித்தார். பெண்கள் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினார்கள். வேடிக்கை பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கினார்கள். பிள்ளைகளை ஏற்றக் கண்டக்டர் இறங்கினார். கல்பாக்கம் ஊழியர் ஒருவர் அடையாள அட்டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு இறங்கினார். நான் ஏன் இறங்கினேன் என்று கேட்டால், எல்லோரும் இறங்கிவிட்ட பஸ்ஸில் ஒரு செய்தியாளர் உட்கார்ந்திருப்பது தொழிலுக்கு அழகில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

காலி பஸ்ஸில் டிரைவர் மட்டும் இருந்தார். ஹாரன் அடித்தார். நீட்டி அடித்தார், விட்டு விட்டு அடித்தார். ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் ஷூ மணலில் புதைய இறங்கி வந்தார். இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் அந்த வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது, தள்ள வேண்டும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. மாதத்தில் பாதி நாள் தள்ளியிருக்கிறோம்.

"ஏறுங்கம்மா, டைம் ஆவுது! ஏற்கெனவே எம்மேல காண்டுல கீறாங்க, இன்னொரு மெமோ குடுத்துடுவாங்க!"

குப்பத்தில் மீனைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் அம்மா ஒருவர் உண்டு. சேலையை இழுத்துச் செருகியிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் கயிற்றை அவர் பக்கம் நீட்டினார். "பேசிக்கினே நிக்காத. இத்த கொஞ்சம் புடி, நான் கூடய எடுத்தாரேன்."

டிரைவர் பிடித்தார்.

மறுமுனையில் நிறைந்த வலை இருக்கும்போது கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கடல் இழுக்கும். கடலுக்குள் போக விருப்பமில்லாதவர் பின்பக்கம் சாய வேண்டும். டிரைவர் சாய்ந்தார், சிரித்தார். ஒரு கல்லூரிப் பிள்ளை அதைச் செல்போனில் வீடியோ எடுத்தது.

அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் எங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறார். வரவேண்டிய வண்டி வரவில்லை. யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தேடிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால், ஓடும் இன்ஜினோடு காலி பஸ், திறந்த கதவு, வரிசையாக அன்னக்கூடைகள். மணலில் இறங்கும்போதே திட்டத் தொடங்கினார். அதற்குள் வலை கரைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. கனம் அதிகமாகிற கட்டம் அதுதான். யாரோ ஒரு பெண் அவர் கையிலும் கயிற்றைத் திணித்தாள். அவரும் சாய்ந்தார். சாய்ந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே நின்ற டிரைவரைத் திட்டினார். அந்த வாக்கியங்கள் மூச்சுக்கு ஒன்றாகத் துண்டு துண்டாக வந்தன.

"உன்ன... டூட்டில... நிக்க வெச்சா..."

"சார், பொறுமயா திட்டுங்க, கயிறு வுட்ராதீங்க" என்றார் டிரைவர்.

வலை வந்தது. நெத்தலியும் காரப்பொடி மீனுமாக மணல் வெள்ளி நிறமாயிற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். என்ன கத்தினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு பங்கு. குப்பத்து வழக்கத்தில் வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. யார், எந்த ஊர், எவ்வளவு நேரம் பிடித்தார் என்ற கேள்வி கிடையாது. கயிற்றில் கை வைத்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது, அவ்வளவுதான். கல்பாக்கம் ஊழியர் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து நீட்டினார். சோறு காக்கைக்குப் போனது. டிரைவர் மட்டும் கையை ஆட்டினார்.

"யூனிபார்ம்ல கீறேன். வாணாம்மா."

பங்கு பிரிக்கும் அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்போ வண்டிக்கு ஒரு பங்கு. படகுக்குக் குடுக்கறோம், வலைக்குக் குடுக்கறோம். இத்தினி பேர கொண்டாந்து வுட்ட வண்டி இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று ஒரு பையில் நெத்தலியை அள்ளிப்போட்டு, தானே ஏறி, டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்த கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினார்.

இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பங்கு நீட்டப்பட்டது. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் அன்றைய பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் மோசமான மனிதர் இல்லை. இரண்டு திட்டும் ஒரு மெமோவுமாக அவர் முடித்திருப்பார். ஆனால் அந்தச் செல்போன் படம் சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. 'மீன் பிடிக்கும் அரசு பஸ்' என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள். நல்ல தலைப்புதான். மேலதிகாரிகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கை கேட்டார்கள், இன்ஸ்பெக்டர் எழுதினார். இருக்கை காலி, இன்ஜின் ஓடியது, ஓட்டுநர் கையில் கயிறு, ஓட்டுநர் அறையில் மீன் பை. எல்லாம் உண்மை. படம் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டதால், தன்னைப் பற்றி எழுதும் அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

துறை விசாரணை சீக்கிரம் முடிந்தது. "வலை இழுத்தீரா?" என்றார்கள். "புடிச்சேன்" என்றார் டிரைவர். "மீன் இருந்ததா?" "இருந்திச்சு." குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார்கள். கண்டக்டருக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். டிரைவருக்குப் பழைய மெமோக்களையும் சேர்த்து, பணி நீக்கம். ஓய்வு பெற அவருக்கு இரண்டே வருஷம்தான் இருந்தது. பணி நீக்கம் உறுதியாகிவிட்டால் ஓய்வூதியம் போகும். இத்தனை காலம் ஸ்டியரிங் பிடித்ததற்கு அடையாளமே இருக்காது.

நான் அதைச் செய்தியாக எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்.

"அந்தப் படத்துல மூணாவதா நிக்கிறது நீதானே?"

"ஆமா சார்."

"கயிறு இழுக்கற?"

"ஆமா சார்."

"அப்ப நீ எழுதாத. வேற ஆள் எழுதட்டும்." வைத்துவிட்டார். சரியான முடிவு. ஆகவே பணி நீக்கத்தை எதிர்த்து டிரைவர் போட்ட வழக்குக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அவருக்கு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் தொழிலாளர் வழக்குகளுக்கென்றே இருந்தவர். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். டீக்கடை மாடியில் அவர் அறை. டிரைவரை எதிரே உட்கார வைத்துக் கேட்டார்.

"வண்டி சூடாயிருந்துச்சா, அதனால நிறுத்தினீங்களா? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

"இல்ல சார். ஜில்லுனு இருந்திச்சு. தை மாசம்."

"கயிறு நீங்களா புடிச்சீங்களா, கையில திணிச்சாங்களா?"

"குடுத்தாங்க, புடிச்சேன். அப்பால ஜாலியா இருந்திச்சு சார்."

வக்கீல் ஏலக்காயை மறுபக்கம் தள்ளினார். "ஜாலியா இருந்தத விட்ருவோம். இப்ப வேலைக்குப் போறீங்களா?"

"சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேன் ஓட்டினு கீறேன்."

"அத நீங்களா போயி சொல்லாதீங்க. சம்பளப் பாக்கிய கொறச்சிடுவாங்க."

"கேட்டா?"

"கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

"எப்படியும் கேப்பாங்க சார். நானே மொதல்ல சொல்லிடட்டா?"

வக்கீல் என்னைப் பார்த்தார். "இவர எங்கம்மா புடிச்சீங்க?" என்றார். ஆனால் அன்றிலிருந்துதான் அவர் அந்த வழக்கில் உற்சாகமானார் என்று நினைக்கிறேன்.

துறை விசாரணை முறையாக நடக்கவில்லை, பழைய மெமோக்களைத் தண்டனைக்குச் சேர்க்கப்போவதாக டிரைவருக்கு முன்கூட்டிச் சொல்லவே இல்லை என்று வக்கீல் வாதாடினார். தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்றது. குற்றச்சாட்டுகளைத் தங்கள் முன்னிலையில் நிரூபிக்கும்படி நிர்வாகத்துக்குச் சொன்னது. நிர்வாகம் சாட்சிகளைக் கூட்டிவந்தது. என் பெயர் டிரைவர் தரப்புச் சாட்சிகளில் இருந்தது. என்ன சேலை கட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

நிர்வாகம் ஒரு தவறு செய்தது. மீன் பை டிரைவர் பெற்ற கூலி என்று நிரூபிக்க, அதைக் கொடுத்தவரையே சாட்சியாக அழைத்தது. பங்கு என்றால் கூலி என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். குப்பத்தில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

பங்கு பிரிக்கும் அம்மா கல்யாணத்துக்குப் போகிற பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு வந்தார். கூடவே இன்னும் சில பெண்கள். கூடைகளை வெளியே வைக்கச் சொன்ன நீதிமன்ற ஊழியரிடம், "யாராச்சும் கை வெச்சா நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள். நீதிபதி ஒரு பெண். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர்களைப் பார்த்துவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் முதலிலேயே சாட்சி சொல்லி முடித்துவிட்டு, நிர்வாக வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஓட்டுநருக்கு நீங்க மீன் கொடுத்தீங்களா?" என்றார் நிர்வாக வக்கீல்.

"இல்லயே."

நிர்வாக வக்கீல் தாளைப் பார்த்தார். "ஓட்டுநர் சீட் பக்கத்துல மீன் பையை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"அது ஓட்டுநருக்குத்தானே?"

"அவருக்குக் குடுத்தா வாணான்னுட்டாரு. அது வண்டிக்கு."

"வண்டி மீன் சாப்பிடுமா அம்மா?"

"படகு சாப்பிடுதா?" என்றார் அவர். "வல சாப்பிடுதா? அதுங்களுக்குப் பங்கு இல்லயா? கேக்கறாரு பாரு கேள்வி."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்தார். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். "அப்படின்னா அந்த மீன் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார்.

"வண்டிக்கு, ஜட்ஜம்மா."

"வண்டி யாருக்குச் சொந்தம்?"

"கவர்மென்ட்டுக்கு."

நீதிபதி எழுதிக்கொண்டார். மீன் நிர்வாகத்துக்குச் சேர வேண்டியது என்று ஆகிவிட்டது. நிர்வாக வக்கீல் உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது சட்டப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. டீக்கடை மாடியில் நான் சொன்னது.

"கயிறு புடிச்ச எல்லாருக்கும் பங்கு குடுத்தீங்களா?"

"பின்ன? யாரயும் வெறுங்கையா அனுப்ப மாட்டோம். காலேஜ் புள்ளைங்களுக்குக் குடுத்தோம். அட்ட போட்ட சாருக்குக் குடுத்தோம். பேப்பர்காரம்மா அதோ ஒக்காந்துகினு கீது, அதுக்குக் குடுத்தோம்." விரல் நகர்ந்து நிர்வாக வக்கீலுக்குப் பின்னால் போய் நின்றது. "இந்த சாருக்கும் குடுத்தோம். நல்லா இழுத்தாரு. ஆனா இழுத்துக்கினே திட்டிக்கினும் இருந்தாரு."

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம். காது சிவந்துவிட்டது. நீதிபதி அவரை மறுபடியும் கூண்டுக்கு அழைத்தார்.

"கயித்தப் புடிச்சீங்களா, இழுத்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கலாம். படத்தில் அவர் இல்லை. ஒரு பெண்ணின் வார்த்தைக்கு எதிராக ஓர் அதிகாரியின் வார்த்தை, அவ்வளவுதான். எத்தனையோ சாட்சிக் கூண்டுகளை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

"புடிச்சேங்கம்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இழுத்தேன். சும்மா புடிச்சுக்கிட்டு நிக்க முடியாதும்மா. கடல் இழுக்குது."

"மீன்?"

"வறுத்தோம்மா. வீட்ல எல்லாருக்கும் நெத்தலின்னா உசுரு."

நீதிபதி முகத்துக்கு முன்னால் ஒரு கோப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கோப்பு லேசாக ஆடியது. நிர்வாக வக்கீலும் சிரித்துவிட்டார். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டரிடம் நேராகப் போனார்.

"சார், உங்களுக்கு மெமோ குடுத்துடுவாங்களே!"

"குடுத்தா வாங்கிக்கறேன்யா. நீ மட்டும்தான் வாங்கணுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள்.

என்னைக் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை. தேவைப்படவில்லையாம். சேலை வீண்.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. அனுமதியில்லாத இடத்தில் நிறுத்தியது நிரூபணமானது. அதற்குக் கண்டக்டருக்குக் கொடுத்த அதே தண்டனை போதும். மீன் பெற்ற குற்றம் நிரூபணமாகவில்லை. பயணிகளைத் திரும்ப அழைக்கத்தான் இறங்கினார். இறங்கிய இடத்தில் அதிகாரியே செய்த ஒன்றைச் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது மிகையான தண்டனை. பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலை. சம்பளப் பாக்கியில் பாதி மட்டும், கம்பெனி வேன் காரணமாக. கேட்பதற்கு முன்பே டிரைவர் சொல்லியிருந்தார். எங்கள் பேப்பரில் நான்கு வரி வந்தது. வேறு ஆள் எழுதியது. அதில் மீனே இல்லை.

நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் என்று சில வாரங்கள் பேச்சு இருந்தது. டிரைவர் அந்த வாரங்களில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா பேப்பர்காரம்மா, நியூஸ் எதுனா?" என்பார். நிர்வாகம் போகவில்லை. மீன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இன்னொரு நீதிமன்றத்திலும் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை என்று வக்கீல் சொன்னார். முதலில் டிரைவரைப் படாளம் பக்கம் ஒரு வண்டியில் போட்டார்கள். அந்தப் பக்கம் கடல் கிடையாது. வேண்டுமென்றே செய்ததா என்று தெரியவில்லை.

அதற்குள் குப்பத்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு நிறுத்தம் வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள், விடாமல் போய் நின்றார்கள். நிறுத்தம் கிடைத்தது. நீலப் பலகை நட்டார்கள். சில மாதங்கள் கழித்து எங்கள் பழைய டிரைவரும் எங்கள் பழைய வழிக்கே திரும்பி வந்தார். வண்டி மட்டும் புதியது. தள்ள வேண்டியதில்லை.

அவர் திரும்பி வந்த முதல் காலை நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "நீலக் கூட அம்மா ஏறிட்டாங்களா?" என்றார். ஏறியிருந்தார்.

நீலப் பலகையில் வண்டி நின்றது, விதிப்படி. கரையில் வலை வந்துகொண்டிருந்தது. யாரும் இறங்கவில்லை, ஆள் போதுமானதாக இருந்தது. டிரைவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க உட்கார வைத்த பிள்ளை மாதிரி இருந்தது.

பங்கு பிரிக்கும் அம்மா மணலில் சுருண்டு கிடந்த கயிற்றின் வால் முனையை இழுத்துக்கொண்டு சாலைக்கு ஏறி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் ஜன்னல் வழியாக முனையை உள்ளே நீட்டினார்.

"புடி அண்ணாத்த. சீட்ட வுட்டு இறங்க வாணாம்."

டிரைவர் பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சாலையில் பைக் ஏதும் இல்லை. ஈரக் கயிற்றின் மேல் ஒரே ஒரு விரலை வைத்தார். பஸ் முழுக்கக் கூச்சல். கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி கிளம்பியபோது பின்படிக்கட்டுப் பக்கமிருந்து யாரோ கத்திக் கேட்டார்கள்:

"அண்ணாத்த, புடிச்சியா, இழுத்தியா?"

"இன்னா கயிறு? எந்தக் கயிறு?" என்றார் அவர், கியரை மாற்றியபடி.